துணைக்கு வந்தவர் வெளியே இருக்கட்டும்

ஜனவரி 9

அன்பு வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே குத்துக்கல் மாதிரி நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

'மறுபடியும் உண்டாகியிருக்கிறேன், திட்டாதே' என்று இரண்டே வரி எழுதிப் போட்டிருக்கிறாய். திட்டாமல் இருக்க நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா? பிரசவ வார்டில் நர்ஸாக நின்று தலை நரைத்தவள் சொல்வதை முதலில் கேள். சந்தோஷத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம்.

போன முறை ஏழாம் மாதம் ரத்தம் போய்ப் பிள்ளையை இழந்தவள் நீ. ரத்த அழுத்தமும் அப்போது ஏறியிருந்தது. அதனால் இந்தத் தடவை உன்னுடையது ஆபத்துள்ள கர்ப்பம். பெயரைக் கேட்டதும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடாதே. ஆபத்து என்றால் கெட்டது நடந்தே தீரும் என்று அர்த்தமில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது என்றுதான் அர்த்தம்.

உடனே டாக்டரிடம் போய்ப் பழைய கதையைச் சொல். சின்னதாக ஒரு ஆஸ்பிரின் மாத்திரை தருவார்கள், தவறாமல் போடு. ஒவ்வொரு முறையும் பிரஷர் எவ்வளவு, சிறுநீரில் புரதம் வருகிறதா என்று கேட்டு எனக்கு எழுது. மண்டையைப் பிளக்கிற தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று ஊதுவது, பிள்ளை அசைவது குறைவது, ரத்தம் படுவது, இதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. 'பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம்' என்று எவளாவது சொன்னால் அவள் வாயில் பஞ்சை வை. பஞ்சு நான் அனுப்புகிறேன்.

போன் ஏன் எடுப்பதில்லை? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மூத்தவள்

*

பிப்ரவரி 2

பிரியமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

போன் சலவைக் கடைத் தொட்டியில் விழுந்துவிட்டது. புதியது இப்போது வேண்டாம் என்கிறார் அவர். உன் கடிதத்தையும் அவர்தான் பிரித்தார். சத்தமாகப் படித்துக் காட்டினார். பஞ்சு வைக்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்.

பட்டறையில் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து குழந்தைக்கு ஒரு தொட்டில் செய்திருக்கிறார். இரும்புக் குழாய், நான்கு கால், அடியில் சக்கரம். வெல்டிங் வைத்த தடமே தெரியாமல் ராவி, வெள்ளைப் பெயின்ட் அடித்து அறை நடுவில் வைத்திருக்கிறார். சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. கைப்பிடியில் ஒரு பூ மாதிரி வளைத்திருக்கிறார், அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. தொட்டுப் பார்த்தால் வழவழவென்று இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் போனோம். அவரும் உள்ளே வந்தார். கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். எனக்குத் தேதி கூட நினைவில்லை, அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. "இப்படி ஒரு புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்குதும்மா" என்றார் டாக்டரம்மா. பிரஷர் கொஞ்சம் கூட என்றார்கள், மாத்திரை தந்திருக்கிறார்கள்.

கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற வேலைதான் இன்னும். குளிருக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

உன் வாலு

*

மார்ச் 14

வாலு,

நலம். நீ நலம் என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை, அதனால் கேட்கவில்லை.

தொட்டிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவள் தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பிரஷர் 'கொஞ்சம் கூட' என்றால் எவ்வளவு? நான் என்ன காய்கறியா வாங்குகிறேன், கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்பதற்கு? அப்புறம், நீராவி இஸ்திரிக்கு முன்னால் நிற்பவளுக்கு என்னடி குளிர்? அந்தக் கடைக்குள் நான் வந்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது.

நேற்று ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலிப்பு. கண் மேலே சொருகி, பல் நாக்கில் இறங்கி, வாயெல்லாம் ரத்தம். அவள் துள்ளிய துள்ளலில் கட்டிலின் பூட்டு கழன்றது. ஒரு வாரமாகத் தலைவலி இருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம். மருந்து ஏற்றி, வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தோம். பிழைத்தாள். எல்லாரும் பிழைப்பதில்லை.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு அவசரமானாலும் ஒரு தடவை, "துணைக்கு வந்தவர் வெளியே இருக்கட்டும்" என்போம். கதவைச் சாத்தியதும் அவளிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்போம். புருஷன் எதிரில் அதைக் கேட்டால் பதில் வராது. வந்தாலும் பொய்யாகத்தான் வரும்.

அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்கிறேன். அவன் உன்னை அடிக்கிறானா? முதல் பிள்ளை எப்படிப் போனது?

ஒளிக்காமல் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 6

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. நாங்கள் நலம். தங்கள் நலனுக்கு எங்கள் பிரார்த்தனைகள்.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கை விரல்களும் மணிக்கட்டும் அடிபட்டுவிட்டன. அதனால் பேனா பிடிக்க முடியவில்லை. வயிற்றில் அடி எதுவும் படவில்லை. நான்தான் சாப்பாடு ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன்.

தங்கள் கடிதத்தை இருவரும் சேர்ந்துதான் படித்தோம். எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. தாங்கள் கேட்டதை அவளிடமே கேட்டேன். "நான் உன்னை அடிக்கிறேனா? உங்க அக்கா கேக்கறாங்க, சொல்லு" என்றேன். இல்லை என்றாள். என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். பதில் இதுதான், தங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் இரும்போடு பிழைப்பவன். எதைக் காய்ச்சி அடிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தங்கள் கடிதம் வருகிற அன்றெல்லாம் அவளுக்குப் பிரஷர் ஏறுகிறது. பிரசவம் முடியும்வரை எழுதாமல் இருப்பது அவளுக்கு நல்லது.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

*

ஏப்ரல் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் வாலுவுக்கும்,

இங்கே யாவரும் சுகம். உங்கள் கடிதம் கண்டு வெட்கப்பட்டேன். வார்டில் தினமும் கெட்டதையே பார்த்துப் பார்த்து என் புத்தி புளித்துவிட்டது. வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வாலு, உனக்கு வாய்த்தவர் தங்கம். தங்கத்தை உரசிப் பார்த்த எனக்குத்தான் புத்தியில்லை. இனி உடம்பு விஷயமாக எது வந்தாலும் அவரிடமே சொல்.

மாப்பிள்ளை, அவளுக்குத் தலைவலி என்றால் மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். உங்களை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? தொட்டிலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கைப்பிடிப் பூவைப் பற்றி என் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 15

கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பமும் சௌக்கியமா? மேல்வீட்டுப் பெண்ணின் அக்கா நான். போன வருடம் வந்தபோது என் பைக்கு ஜிப் வைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தீர்கள். அந்த ஒரு நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இதே தபாலில் மேலே ஒரு கடிதம் போயிருக்கிறது. அதில் இருப்பது முழுக்கப் பொய். அவன் பிரித்துப் படிக்கத்தான் எழுதினேன். ஒவ்வொரு வரி எழுதும்போதும் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

புருஷன் காதுபடக் கேட்கக் கூடாத ஒரு கேள்வியை, அவன்தான் கடிதங்களைப் பிரிக்கிறான் என்று அவள் எழுதியிருந்தும், அவன் கையிலேயே கொடுத்து அனுப்பியவள் நான். என் வார்டில் ஒரு சின்ன நர்ஸ் இதைச் செய்திருந்தால் கன்னத்தில் அறைந்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அவள் விரல்களை உடைத்தது அவன் கை. அதற்குக் காரணத்தை எழுதிக் கொடுத்தது என் கை.

பகலில் அவன் பட்டறைக்குப் போன பிறகு சட்டையைப் பெரிதாக்க அளவெடுக்க வேண்டும் என்று அவளைக் கீழே கூப்பிடுங்கள். ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். மேலே என்ன சத்தம் கேட்கிறது என்று நான் உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

நன்றியுடன்,
அவள் அக்கா

*

மே 3

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும். தையல்கார அம்மா கடைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் வழுக்கி விழவில்லை. உன் கடிதத்தை அவர் சாப்பிட்டுக்கொண்டே படித்தார். கேள்வி வந்ததும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "சொல்லு" என்றார். இல்லை என்றேன். "அப்ப உங்க அக்காவுக்கு யாரு சொன்னது?" என்றார். நான் சொல்லவில்லை என்று அழுதேன். கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். அப்புறம் திறந்து, மறுபடியும் சாத்தினார். அன்று அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட உன்மேல்தான் அதிகம் வந்தது. நீ எதிரில் இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன்.

முதல் பிள்ளை பிரஷரில் போகவில்லை அக்கா. மாடிப்படியில் அவர் உதைத்த உதையில் போனது. படியில் தவறி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். பிரஷரும் இருந்ததால் அவர்கள் நம்பினார்கள்.

தலைவலி ஒரு வாரமாக இருக்கிறது. சட்டைக் காலரில் இருக்கிற லேபிளைப் படிக்க முடியவில்லை, எழுத்து நீந்துகிறது. முகம் ஊதியிருக்கிறது. இதில் எது அவர் அறைந்ததில் வந்தது, எது நோய் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும் என்று டாக்டரிடம் எதையும் சொல்லவில்லை. போன இரண்டு முறையும் பிரஷர் பார்க்கவே நான் விடவில்லை. பட்டையைச் சுற்றச் சட்டைக் கையை மேலே ஏற்ற வேண்டும், மேலே ஏற்றினால் தெரிந்துவிடும். 'இப்போதுதான் வெளியே பார்த்தார்கள்' என்று வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார். எழுதிக்கொண்டார்கள்.

இவர் தினமும் அந்தத் தொட்டிலைத் துணி போட்டுத் துடைக்கிறார். பார்க்கவே பயமாக இருக்கிறது. இந்தப் பிள்ளையாவது வேண்டும் அக்கா.

வாலு

*

மே 9

என் கண்ணே,

நலம் விசாரிக்க நேரமில்லை. தையல்கார அம்மா பெயருக்குக் கூரியரில் போடுகிறேன். இதைப் படித்து முடித்ததும் எழுந்திரு. எனக்காகக் காத்திருக்காதே. விடுப்பு கிடைத்ததும் பஸ் ஏறுகிறேன். ஆனால் பஸ்ஸை உன் ரத்த அழுத்தம் முந்திக்கொள்ளும்.

அவன் பட்டறையில் இருக்கிற நேரத்தில் தையல்கார அம்மாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. பழைய டாக்டரம்மா வேண்டாம். தலைவலியை யார் கொடுத்தால் என்ன, டாக்டருக்குச் சொல்ல வேண்டியது தலைவலி. கண் மங்குகிறது என்று சொல். பிரஷர் எண் பொய் என்று சொல். சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டுக் கையை நீட்டு. பார்க்கட்டும். வெட்கப்பட வேண்டியவன் பட்டறையில் தீப்பொறி பறக்க வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்த நோய்க்குப் பிள்ளையை வெளியே எடுப்பதுதான் மருந்து. சீக்கிரம் எடுத்தால் பிள்ளை சின்னதாக இருக்கும், கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பார்கள். நீ செத்துப்போனால் எந்தப் பெட்டியில் வைத்து வளர்ப்பது?

உன்மேல் கை வைத்தவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

*

ஜூன் 20

வாலு,

ஊர் வந்து சேர்ந்தேன், சுகம். தலைவலி நின்றுவிட்டதா? பிரசவம் ஆனதும் பிரஷர் போய்விட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. குட்டிப்பயல் எடை போடுகிறானா?

நினைவில்லாத அந்த நாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். தையல்கார அம்மா சொன்னதையும் நான் பார்த்ததையும் எழுதுகிறேன்.

உன் சட்டைக் கையை நீயே ஏற்றிக் காட்டினாயாம். பட்டையைச் சுற்றிய நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடினாளாம். மருந்து ஏற்றத் தொடங்கியபோது அவன் வந்துவிட்டான். யார் சொன்னார்களோ. துணைக்கு வந்தவர் வெளியே இருக்கட்டும் என்றிருக்கிறார்கள். "எம் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நர்ஸைத் தள்ளிவிட்டு, உன் முடியைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்திருக்கிறான். கீழே விழுந்த இடத்திலேயே உனக்கு வலிப்பு வந்துவிட்டது. கம்பியில் தொங்கிய மருந்துக் குழாய் அறுந்து, கையிலிருந்து ரத்தம் பீச்சியிருக்கிறது. தையல்கார அம்மா அவன் முதுகில் ஏறிக் காதைக் கடித்திருக்கிறார். அந்த அம்மாவைப் பார்த்தால் ஈ எறும்புக்குக் கூட வழிவிடுகிறவர் போல இருப்பார்.

நான் வந்தபோது உன்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். நஞ்சுக்கொடிக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை. இத்தனை வருடம் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவள், அன்றுதான் முதல் தடவை வெளியே நின்றேன். அழுகை கூட வரவில்லை. பிள்ளையை வெளியே கொண்டுவந்தார்கள், ஒரு கையகலம். ஊதா நிறம். அப்புறம் பூனை மாதிரி ஒரு சத்தம் போட்டான். அப்போதுதான் கிட்டே போய் அவன் விரல்களை எண்ணினேன்.

அன்றே போலீஸ் பிடித்துப் போனவன் ஜாமீனில் வந்து, குழந்தையை எடுத்துப் போகிறேன் என்று வார்டுக்குள் நுழைந்ததும், நான் சலைன் கம்பியைப் பிடுங்கி அவன் வாயில் இறக்கியதும் நீ பார்த்ததுதான். எனக்கு அதில் ஒரு துளி வருத்தமில்லை. அவன் பல் தரையில் உருண்டபோது நெஞ்சு குளிர்ந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவன் என்மேல் புகார் கொடுத்திருக்கிறான். தாடை உடைந்ததற்குச் சான்றிதழ் வைத்திருக்கிறான். தண்டனை வந்தால் என் நர்ஸ் பதிவு போய்விடும். நீ அவன்மேல் கொடுத்த புகாரையும் அவன் என்மேல் கொடுத்ததையும் திரும்பப் பெற்றால் நான் தப்பிக்கலாம் என்று அவன் வக்கீல் தூது விடுகிறான். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அதைவிட எளிய வழி இருக்கிறது. இன்ஸ்பெக்டர் உன்னிடம் வருவார். அவன் ஈரத் தரையில் கால் தடுக்கிக் கம்பியின் மேல் விழுந்தான் என்று சொல்லிவிடு. நீ ஒருத்திதான் முழுவதையும் பார்த்தவள். உன் சொல்லை மீறி யாரும் எதுவும் செய்ய முடியாது.

அதற்கப்புறம் பிள்ளையோடு இங்கே வந்துவிடு. அறை தயார். எதைச் சாப்பிடுவது, யாரோடு பேசுவது, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ என் பேச்சைக் கேட்டால் போதும்.

உன் அக்கா

*

ஜூலை 8

பிரியமுள்ள அக்காவுக்கு,

பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை, மாத்திரை போடுகிறேன். பையனைப் பெட்டியிலிருந்து எடுத்து என் நெஞ்சோடு கட்டிவிட்டிருக்கிறார்கள். உள்ளங்கையில் பிடித்தால் எலிக்குஞ்சு மாதிரி இருந்தவனுக்கு இப்போது தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

இன்ஸ்பெக்டர் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, பெண் போலீஸ் ஒருவரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். முதல் பிள்ளையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க மத்தியானம் ஆனது. என் புகாரைத் திரும்பப் பெற மாட்டேன் என்று தூது விட்ட வக்கீலிடமும் சொல்லியாகிவிட்டது.

உன்னைப் பற்றியும் கேட்டார். முதல் அடி, கட்டிலருகே பெட்டியில் இருந்த குழந்தையை அவர் எடுக்கக் கை நீட்டியபோது விழுந்தது என்று சொன்னேன். இரண்டாவது அடி, அவர் தரையில் கிடந்து வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டபோது விழுந்தது என்றும் சொன்னேன். மூன்றாவதையும் சொன்னேன்.

உனக்குக் கோபம் வரும். என்னை வளர்த்தவள் நீ. நீ எழுதாமல் இருந்திருந்தால் நானும் இவனும் இன்று மண்ணுக்குள். அது எனக்குத் தெரியும், தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நீ கம்பியை ஓங்கியபோது கட்டிலில் நான் என்ன செய்தேன் என்று நீ பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினேன். அடி எனக்கில்லை என்று தெரியும். தெரிந்தும் ஒண்டினேன். வயிற்றுத் தையல் பிரிந்து மறுபடியும் போட்டார்கள், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஒரு ஆளின் கையைக் காப்பாற்றப் பொய் சொல்லிச் சொல்லித்தான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தேன், இவனையும் பறிகொடுக்க இருந்தேன். கால் தடுக்கியது, கதவு இடித்தது, வழுக்கியது, எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். இனி யாருக்காகவும் சொல்வதாக இல்லை. உனக்காகவும் இல்லை அக்கா.

உன் வீட்டுக்கு வரவில்லை. தையல்கார அம்மா கடையை வேறு தெருவுக்கு மாற்றியிருக்கிறார், பின்னால் ஒரு அறை எங்களுக்கு. வழக்கு உன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியவில்லை. உன் வேலை போனால் அதற்கு என் வாக்குமூலமும் ஒரு காரணம் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். இடது கையால் போட்டேன், வலது கை இன்னும் மடங்கவில்லை.

வேலை போனாலும் போகாவிட்டாலும் வா. பாய் இருக்கிறது, ஒருவர் படுக்க இடம் இருக்கிறது. பையன் நர்ஸம்மாக்கள் தூக்கினால் அழுவதில்லை.

உன் வாலு